பிரெஞ்சுக் கிராமம் ஒன்றின் தலைக்கணக்கை எப்படி வாசிப்பது?

தென்மேற்குப் பிரான்சில், காஓர் நகரத்துக்கு மேற்கே, லொத் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் துவெல் என்றொரு கிராமம் இருக்கிறது. ஒருகாலத்தில் படகுக்காரர்களின் ஊர். காஓர் வைன் பீப்பாய்கள் ஆற்றோடு போர்தோ துறைமுகத்துக்குப் போன காலத்தில் பிழைத்த ஊர். 1946 கணக்கெடுப்பில் இங்கே 534 பேர். 1975-இல் 670 பேர். 29 ஆண்டுகளில் 136 பேர் கூடியிருக்கிறார்கள். ஊர் மெல்ல வளர்ந்திருக்கிறது, வேறென்ன என்று கடந்துபோகத் தோன்றும்.

அதே இரண்டு கணக்கெடுப்புகளில் உழைப்போர் எத்தனை பேர் என்று பாருங்கள். 1946-இல் 279; 1975-இல் 215. ஊரில் ஆள் கூடியிருக்கிறது, வேலை செய்வோர் குறைந்திருக்கிறார்கள். அந்த 279 பேரில் 208 பேர் விவசாயிகள், அதாவது நான்கு பேரில் மூன்று பேர். 1975-இல் 215 பேரில் விவசாயிகள் 53 மட்டுமே, நான்கு பேரில் ஒருவர். கடை, அலுவலகம், பள்ளி போன்ற சேவைத் தொழில்களில் இருந்தவர்கள் 32-இலிருந்து 102 ஆனார்கள். ஊரிலிருந்த கார்கள் 5-இலிருந்து 280. குளிர்சாதனப் பெட்டிகள் 5-இலிருந்து 210. துணி துவைக்கும் இயந்திரம் 1946-இல் ஒன்றுகூடக் கிடையாது, 1975-இல் 180.

பொருளியலாளர் ழான் ஃபூராஸ்தியே 1979-இல் வெளியிட்ட நூலை இந்த எண்களோடுதான் தொடங்கினார். மதேர், செசாக் என்று இரண்டு பெயர் சூட்டி, ஒன்று பின்தங்கிய ஊர், மற்றது வளர்ந்த ஊர் என்று வாசகர் நம்பும்படி அடுக்கிக்கொண்டே போய், இரண்டும் ஒரே துவெல்தான், நடுவில் ஓடியது முப்பது ஆண்டு மட்டும்தான் என்று போட்டுடைத்தார். போருக்குப் பிந்தைய வளர்ச்சிக் காலத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘மகத்தான முப்பது’ என்று சொல்வது அந்த நூலின் தலைப்பிலிருந்து வந்த வழக்கு.

534, 670 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு துவெலுக்கு நடந்ததைச் சொல்லவே முடியாது. ஒரு கிராமத்தின் மக்கள்தொகை என்பது பல கணக்குகளைக் கூட்டிக் கழித்து வந்த மீதி. கூட்டியது எது, கழித்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், எந்தப் பிரெஞ்சுக் கிராமத்தையும் வீட்டிலிருந்தபடியே ஓரளவு படித்துவிடலாம்.

கொம்யூன் என்னும் சிறு பாத்திரம்

எண்ணிக்கையின் அடிப்படை அலகு கொம்யூன். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. அரியாங்குப்பமும் பாகூரும் வில்லியனூரும் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள்தாம். ஆனால் அங்கே ஒரு கொம்யூனுக்குள் பல ஊர்களும் பல்லாயிரம் மக்களும் அடங்குவார்கள். பிரான்சில் கொம்யூன் மிகச் சிறியது. நாட்டில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள். அவற்றில் பாதிக்கு மேல் 500 பேரை எட்டாதவை. 1789 புரட்சிக்குப் பின் பெரும்பாலும் பழைய தேவாலயப் பங்குகளின் எல்லையையே வைத்துக் கொம்யூன்களை வகுத்தார்கள். அதனால் ஒரு மணியோசை எட்டும் தூரம்தான் பல ஊர்களின் பரப்பு. இவ்வளவு சிறிய ஊருக்கும் தனி மேயர், தனி மன்றம், தனி வரவுசெலவு, மேரி என்கிற ஊர் அலுவலகம் எல்லாம் உண்டு.

இந்த வரிசையின் கடைசியில் விசித்திரங்களும் உண்டு. த்ரோம் மாவட்டத்தின் ரோஷ்ஃபூர்ஷா, கணக்கெடுப்பில் ஒரே ஒருவர் வசிக்கும் கொம்யூனாகப் பேர்பெற்றது. முதல் உலகப் போரின் வெர்தன் போர்க்களத்தில் 1916-இல் தரைமட்டமான ஊர்களில் ஆறு இன்றும் சட்டப்படி கொம்யூன்கள், மக்கள்தொகை பூஜ்யம். அவற்றுக்கும் மேயர் உண்டு. வாக்களிக்க ஆள் இல்லாததால் அரசின் மாவட்ட ஆட்சியர் அவரை நியமிக்கிறார்.

பாத்திரம் சிறியதாக இருப்பதால் முதல் எச்சரிக்கையும் இங்கேயே வந்துவிடுகிறது. 120 பேர் உள்ள ஊரிலிருந்து இரண்டு குடும்பங்கள், எட்டுப் பேர், கிளம்பினால் மக்கள்தொகை 6.7 சதவீதம் சரிந்ததாகக் கணக்கு வரும். செய்தித்தாளுக்கு அது ‘வீழ்ச்சி’. ஊர்க்காரர்களுக்கு அது இரண்டு லாரிச் சாமான். சிறிய ஊருக்குச் சதவீதத்தைத் தூக்கிப்பிடிப்பவரை நம்ப வேண்டாம். தலை எண்ணிக்கையாகவே பேசச் சொல்லுங்கள்.

யாரை, எப்படி, எப்போது எண்ணுகிறார்கள்

1999 வரை நாடு முழுவதையும் ஒரே சமயத்தில் எண்ணும் வழக்கம் இருந்தது. 2004 முதல் முறை மாறியது. 10,000 பேருக்குக் குறைந்த கொம்யூன்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு குழுவில் எல்லா வீடுகளையும் எண்ணுகிறார்கள். ஆகவே ஒரு கிராமத்தின் முறை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும். பெரிய ஊர்களில் ஆண்டுதோறும் 8 சதவீத முகவரிகளை மாதிரியாக எடுப்பதோடு சரி. கிராமங்களின் கணக்கில் இந்த மாதிரிப் பிழை கிடையாது என்பது ஒரு நல்ல விஷயம்.

வேலை ஜனவரியின் மூன்றாவது வியாழக்கிழமை தொடங்கி நான்கு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடக்கும். ஏன் குளிர்காலம்? ஆகஸ்டில் எண்ணினால் கடற்கரைக் கிராமங்கள் எல்லாம் நகரங்களாகிவிடும். ஜனவரியில் வீட்டில் இருப்பவரே உண்மையில் குடியிருப்பவர்.

எண்ணுபவரை மேரிதான் தற்காலிகமாக வேலைக்கு எடுக்கிறது. தேசியப் புள்ளிவிவர நிறுவனமான இன்சே பயிற்சி தந்து மேற்பார்க்கிறது. அவர் முதலில் தன் பகுதியைச் சுற்றிவந்து முகவரிப் பட்டியலைச் சரிபார்ப்பார். மாட்டுக்கொட்டகையை வீடாக மாற்றியிருக்கிறார்களா, ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்திருக்கிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அடுத்த சுற்றில் இணையத்தில் நிரப்புவதற்கான குறியீடு அடங்கிய தாள். இணையம் வேண்டாம் என்பவருக்கு வீட்டுக்கு ஒரு படிவம், ஆளுக்கு ஒரு படிவம். கதவு திறக்காத வீடுதான் பெரிய தலைவலி. அது காலி வீடா, விடுமுறை வீடா, ஆள் இருந்தும் பதில் சொல்லாத வீடா என்று அவர் தீர்மானித்து எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரையும் தபால்காரரையும் கேட்காமல் இதை முடிக்க முடியாது. இங்கே நடக்கும் பிழைகள்தான் பின்னால் ‘திடீர் வளர்ச்சி’யாகவும் ‘திடீர் சரிவாக’வும் அட்டவணையில் தலைகாட்டும்.

எந்த ஊரில் எண்ணுவது என்பதற்கு அடிப்படை விதி, ஆண்டின் பெரும்பகுதியை எங்கே கழிக்கிறார் என்பது. விதிவிலக்குகளில்தான் சூட்சுமம். வாரம் முழுக்க பாரிசில் வேலை பார்த்துவிட்டு வெள்ளி இரவு குடும்பத்திடம் திரும்புபவர் கிராமத்தின் கணக்கில் சேர்வார். துலூசில் அறையெடுத்துப் படிக்கும் 20 வயது மகள் துலூசின் கணக்கில் போவாள். வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் 16 வயது மகன் பெற்றோர் வீட்டுக் கணக்கிலேயே இருப்பான். முதியோர் இல்லத்தில் நிலையாகத் தங்கிவிட்டவர், இல்லம் எந்தக் கொம்யூனில் இருக்கிறதோ அந்தக் கொம்யூனின் ஆள்.

இப்போது முக்கியமான குழப்பம் ஒன்று. ஒவ்வொரு கொம்யூனுக்கும் இன்சே ஒன்றல்ல, மூன்று எண்களை வெளியிடுகிறது. முதலாவது, அங்கேயே வசிப்பவர்களின் தொகை. புள்ளிவிவரக்காரர்கள் பயன்படுத்துவது இதையே. இரண்டாவது, தனியே எண்ணப்பட்டவர்கள்: வெளியூரில் படிக்கும் 25 வயதுக்குட்பட்ட மாணவர்கள் போல, ஊரோடு தொடர்பு அறாமல் வேறிடத்தில் வசிப்பவர்கள். இரண்டையும் கூட்டினால் மூன்றாவதான மொத்தத் தொகை. துலூஸ் மாணவி துலூசிலும் எண்ணப்படுகிறாள், கிராமத்தின் மொத்தத்திலும் வருகிறாள். நாட்டிலுள்ள எல்லா மொத்தங்களையும் கூட்டினால் பிரான்சில் இல்லாத மனிதர்கள் முளைப்பார்கள். பழைய ஆண்டுக்கு ஒரு வகை எண்ணையும் புதிய ஆண்டுக்கு இன்னொரு வகை எண்ணையும் எடுத்து ஒப்பிடுவதுதான் தொடக்கக்காரர்கள் அதிகம் செய்யும் தவறு. ஊர் முகப்பு அறிவிப்பிலும் சுற்றுலா ஏட்டிலும் இருப்பது பெரும்பாலும் பெரிய எண்ணாகத்தான் இருக்கும். யார் தன் ஊரைச் சின்னதாகக் காட்டிக்கொள்வார்?

கால இடைவெளியும் கவனிக்க வேண்டியது. 2023 டிசம்பர் இறுதியில் வெளியாகி 2024 ஜனவரி 1 முதல் செல்லுபடியான எண், உண்மையில் 2021 ஜனவரி 1-இன் நிலவரம். ஐந்து குழுக்களையும் ஒரே தேதிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால் நடுவாண்டைப் பிடிக்கிறார்கள். ஊரை எண்ணாத ஆண்டுகளில் வரும் எண் கணித்துப் போட்டது. ஆகவே ‘போன வருஷத்தைவிட ஏழு பேர் கூடியிருக்கிறார்கள்’ என்பதில் பொருள் இல்லை. குறைந்தது ஐந்தாண்டு இடைவெளி விட்டுப் பாருங்கள். கொரோனாவால் 2021-இன் கணக்கெடுப்பு 2022-க்குத் தள்ளிப்போனதால், அந்த இடத்தைத் தாண்டும்போது ஆறாண்டு இடைவெளி வேண்டும்: 2015-ஐ 2021-உடன் ஒப்பிடுவது சரி.

ஏரிக் கணக்கு

ஏரியின் நீர்மட்டம் மாறவில்லை என்பதால் உள்ளே இருப்பது அதே தண்ணீர் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் வரத்து வாய்க்கால், இன்னொரு பக்கம் மதகு. கிராமத்துக்கு இரண்டு ஜோடி வாய்க்கால்கள்: பிறப்பும் இறப்பும் ஒரு ஜோடி, குடிவருதலும் குடிபெயர்தலும் இன்னொரு ஜோடி.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். ஓர் ஊரில் 2015-இல் 300 பேர், 2021-இலும் 300 பேர். இடையில் பிறந்தவர்கள் 9, இறந்தவர்கள் 27 என்று வைத்துக்கொள்வோம். பிறப்பில் இறப்பைக் கழித்தால் −18. அப்படியிருந்தும் தொகை மாறவில்லை என்றால் வெளியிலிருந்து நிகரமாக 18 பேர் வந்திருக்க வேண்டும். இந்த 18 யாரும் எண்ணிச் சொன்னதல்ல, கழித்துப் பெற்றது. பிரான்சில் வீடு மாறினால் மேரியில் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் வேறு வழியும் இல்லை. அதனால்தான் இன்சே அதை ‘தோற்ற அளவிலான’ வரவு என்று கவனமாகப் பெயரிட்டிருக்கிறது. போன கணக்கெடுப்பில் விட்டுப்போன நான்கு வீடுகள் இந்த முறை சிக்கினால், அவையும் ‘குடிவந்தவர்கள்’ ஆகிவிடும். இந்தப் பதினெட்டுக்குப் பின்னால் 60 பேர் வந்து 42 பேர் போன கதையும் இருக்கலாம். சிறு கிராமங்களில் அப்படி இருப்பதே இயல்பு: பதினெட்டு வயதில் படிப்புக்காகக் கிளம்புகிறார்கள், முப்பதைத் தாண்டிய தம்பதிகள் மலிவான வீடு தேடியும், அறுபதைத் தாண்டியவர்கள் ஓய்வு தேடியும் வருகிறார்கள்.

பிறப்பு எண்ணில் ஒரு வலை இருக்கிறது. மேரியின் பதிவேட்டைப் புரட்டினால் பல ஆண்டுகளாக ஒரு பிறப்புகூடப் பதிவாகியிருக்காது. பதறிப்போய் ‘குழந்தை பிறக்காத ஊர்’ என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. குழந்தை பிறப்பது நகரத்து மருத்துவமனையில். பிறந்த இடத்தின் மேரிதான் பதியும். புள்ளிவிவரத்தில் அது தாயின் குடியிருப்பு ஊருக்கே சேரும். எனவே இன்சே அட்டவணையில் உள்ள பிறப்புகளை எடுங்கள், பதிவேட்டை அல்ல.

இறப்பு எண்ணுக்கும் இதேபோல் ஒரு விளக்கம் வேண்டும். 300 பேர் ஊரில் 60 படுக்கை முதியோர் இல்லம் இருந்தால், ஐந்தில் ஒருவர் அங்கேதான் இருக்கிறார். ஆண்டுதோறும் இறப்பு எகிறும். காலியான படுக்கைக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து முதியவர்கள் வருவதால் குடிவருதலும் எகிறும். சாவும் வரவும் சேர்ந்து உயர்ந்திருக்கும் ஊரைப் பார்த்தால் முதலில் முதியோர் இல்லம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆள் குறைய, வீடு கூட

மக்களைவிட வீடுகள் சில சமயம் அதிகம் பேசும். இன்சே ஒவ்வொரு வீட்டையும் மூன்று வகையில் போடுகிறது: நிலையாகக் குடியிருக்கும் வீடு, விடுமுறை வீடு, காலி வீடு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1968-இல் பிரான்சில் ஒரு குடும்பத்தில் சராசரி 3.1 பேர். இன்று ஏறத்தாழ 2.2. அன்று 310 பேர் 100 வீடுகளில் அடங்கினார்கள். இன்று அதே 310 பேருக்கு 141 வீடுகள் வேண்டும். தனியாக வாழும் முதியவர்கள், பிரிந்த தம்பதிகள், ஒற்றைப் பிள்ளைக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. ஊரின் ஓரத்தில் புது வீடுகள் முளைக்கின்றன, ஆனாலும் ஆள் ஏறவில்லை என்று மேயர்கள் புலம்புவதற்குக் காரணம் இந்த வகுத்தல்தான். நாற்பது வீடு கட்டியது ஓடி முன்னேற அல்ல, நின்ற இடத்திலேயே நிற்க.

புது வீடு கட்டுகிறார்களே, நடுத்தெருவில் கல்வீடுகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன? பாதி விடை சொத்துரிமையில் இருக்கிறது. பாட்டி இறந்தபின் வீடு பிள்ளைகள் எல்லோருக்கும் பிரிக்காத பொதுச் சொத்தாகிறது. ஒருவர் லியோனில், ஒருவர் கனடாவில், ஒருவரோடு மற்றவர் பேச்சுவார்த்தை இல்லை. விற்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும். சம்மதம் வராவிட்டால், சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமை உள்ளவர்கள் நொத்தேர் எனப்படும் பத்திர அதிகாரி வழியாக நீதிமன்றம் வரை போக வேண்டும். அதற்குள் கூரை ஓடு நகர்ந்து, உத்தரம் நனைந்து, வீடு விலைபோகாத நிலைக்கு வந்துவிடும். மீதி விடை கழிவுநீரில். பொதுச் சாக்கடை எட்டாத வீட்டை விற்கும்போது கழிவுத்தொட்டிச் சோதனை அறிக்கை, மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இல்லாமல், பத்திரத்தோடு இருக்க வேண்டும். தொட்டி விதிப்படி இல்லையென்றால் வாங்குபவர் ஓராண்டுக்குள் சரிசெய்தாக வேண்டும். நடுத்தெருக் கல்வீட்டுக்குப் பின்னால் அதற்கு மண் ஏது? காரை நிறுத்த இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. குழந்தையுள்ள குடும்பம் பார்த்துவிட்டு ஊர் ஓரத்துப் புது மனைக்குப் போய்விடும்.

விடுமுறை வீட்டைத் தவறாக எடைபோடுவது எளிது. அது ஊரைக் கொல்கிறது என்பார்கள் சிலர், காப்பாற்றுகிறது என்பார்கள் சிலர். இரண்டுக்கும் ஊர்கள் உண்டு. வீட்டு விலை ஏறி உள்ளூர் இளைஞருக்கு இடமில்லாமல் போகும் கடலோரத்திலும் மலைப் பனிச்சறுக்கு ஊர்களிலும் முதல் கூற்று உண்மை. துவெல் இருக்கும் லொத் போன்ற உள்நாட்டு மாவட்டங்களில், விடுமுறைக்காரர் வாங்கியிராவிட்டால் அந்தக் கூரை என்றோ விழுந்திருக்கும். அவர்களில் ஒரு பகுதியினர் ஓய்வு பெற்றதும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அந்த நாளில் அட்டவணையில் ஒரு விடுமுறை வீடு குறைந்து, நிலையான வீடு ஒன்றும் அறுபது வயதுக்காரர் இருவரும் கூடுவார்கள். வரியும் இதில் விளையாடுகிறது: குடியிருப்பு வரி 2023 முதல் நிலையான வீடுகளுக்கு முற்றிலும் நீங்கிவிட்டது, விடுமுறை வீடுகளுக்கு இன்னும் இருக்கிறது. இரண்டு வீட்டில் எது ‘நிலையானது’ என்று ஒருவர் சொல்லிக்கொள்வதில் பர்சுக்கும் பங்கு உண்டு.

இங்கே ஆங்கிலேயர்களையும் சொல்ல வேண்டும். தொர்தோஞ், லொத் போன்ற தென்மேற்கு மாவட்டங்களில் பாழடைந்த பண்ணை வீடுகளை வாங்கிச் சீரமைத்தவர்களில் அவர்கள் ஏராளம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் என்ற முறையில் கொம்யூன் தேர்தலில் வாக்களித்து, 750-க்கும் மேற்பட்டோர் ஊர் மன்ற உறுப்பினர்களாகவும் இருந்தார்கள். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் 2020 தேர்தலில் அந்த உரிமை போய்விட்டது. வசிப்பிட அனுமதி இல்லாத விடுமுறை வீட்டுக்காரர்கள் இப்போது எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை தொடர்ந்து தங்கும் பழைய பழக்கம் அதோடு முடிந்தது.

நூறாண்டு இறக்கம், பிறகு ஏற்றம்

லொத் மாவட்டத்தில் 1851-இல் ஏறத்தாழ 2,96,000 பேர். 1954-இல் 1,48,000. சரிபாதி. இன்று 1,75,000-ஐ ஒட்டி நிற்கிறது. மத்தியப் பிரான்சின் க்ரெஸ் மாவட்டத்திலோ 1851-இன் 2,87,000 பேர் இறங்கிக்கொண்டே வந்து 1,15,000 அளவில் இருக்கிறார்கள். பெரும்பாலான பிரெஞ்சுக் கிராமங்களின் உச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிதான். இந்த உண்மை தெரியாமல் 1968-இலிருந்து தொடங்கும் அட்டவணையைப் பார்த்தால், ஏற்கெனவே பாதி காலியான ஊரை ‘பழைய நல்ல காலம்’ என்று நினைத்துவிடுவோம்.

இறக்கத்துக்கு எல்லா ஊரிலும் ஒரே காரணம் கிடையாது. திராட்சை ஊர்களில் ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி 1860-களில் தெற்கே தலைகாட்டி, அடுத்த இருபது ஆண்டுகளில் லொத்தின் தோட்டங்களையும் தின்றது. ரயில் வந்ததும் துவெல் போன்ற படகு ஊர்களின் தொழில் போயிற்று. பிறகு 1914. அந்தப் போரில் பிரான்ஸ் இழந்த வீரர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். கிட்டத்தட்ட எல்லாக் கிராமங்களிலும் போர் நினைவுத்தூண் நிற்கிறது. அதன் பெயர்களை எண்ணி, 1911 மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். 500 பேர் ஊரில் 20 பெயர் இருந்தால் 4 சதவீதம். ஆனால் அந்த இருபதும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த ஆண்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து மூன்று வரியில் வரும்போது, 1921 கணக்கெடுப்பில் ஏன் பண்ணைகள் குறைந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

1945-க்குப் பிறகு வெளியே தள்ளியது டிராக்டர். துவெலில் 1946-இல் இரண்டு டிராக்டர். 1975-இல் சுமார் 40. 208 பேர் செய்த வேலையை 53 பேர் செய்ய முடிந்தது அதனால்தான். 1956 பிப்ரவரி உறைபனி காஓர் பகுதித் திராட்சைக் கொடிகளைக் கருக்கியது. வைனுக்கான காஓர் புவிசார் பெயருரிமை 1971-இல் வந்தபோது, மீண்டும் நட்டவர்கள் பழைய சிறு குடியானவர்களைவிட எண்ணிக்கையில் மிகக் குறைவு.

1970-களின் நடுவில் காற்று திசை மாறியது. சாலையும் காரும் தொலைபேசியும் வந்துவிட்ட கிராமத்தில், விவசாயம் செய்யாமலே வாழலாம் என்றானது. துவெலில் படுத்து காஓரில் வேலை பார்க்கலாம். இன்றைய ஏற்றம் பெரும்பாலும் இந்த வகை. லொத்தில் 1975-க்குப் பின் கூடிய தலைகள் குடிவந்தவர்களால் கூடியவை. பிறப்பை இறப்பு மிஞ்சியே வந்திருக்கிறது. நகரத்திலிருந்து கார் எட்டும் தூரத்தில் உள்ள ஊர் ஏறும், அதைத் தாண்டியது இறங்கும் என்று ஒரு தோராய விதி சொல்லலாம். தெற்கு வெயிலும் அழகிய கல்வீடும் அதற்கு அவ்வப்போது விலக்கு அளிக்கின்றன.

எண் மாறினால் எது மாறும்

ஊர் மன்றத்தின் அளவே எண்ணில் தொங்குகிறது. 100 பேருக்குக் குறைந்தால் 7 உறுப்பினர், 499 வரை 11, 1,499 வரை 15 என்பது நெடுங்கால அளவு. மேயரின் படியும் இப்படிப் படிநிலையில்தான். ஒரு கொம்யூனில் முதல் மருந்துக்கடை திறக்க 2,500 மக்கள் வேண்டும். அரசு தரும் பொதுநிதியைக் கணக்கிடும்போது மொத்த மக்கள்தொகையோடு ஒவ்வொரு விடுமுறை வீட்டுக்கும் ஒரு ஆள் கூட்டிக்கொள்கிறார்கள். காகிதத்தில் மட்டும் வாழும் அந்த ஆளும் சாலைக்கும் தண்ணீருக்கும் செலவு வைக்கிறார் அல்லவா, நியாயம்தான்.

பள்ளிதான் உண்மையான உரைகல். ஒரே வகுப்பறையில் ஐந்து நிலைப் பிள்ளைகளும் உட்காரும் பள்ளியில் நான்கு பேர் குறைந்தால் வகுப்பு மூடும் பேச்சு வந்துவிடும். அண்டை ஊர்கள் சேர்ந்து சின்னப் பிள்ளைகள் ஓர் ஊரில், பெரியவர்கள் இன்னோர் ஊரில் என்று பங்கிட்டு, இடையே பேருந்து விடுகிறார்கள். பல மேயர்கள் இதற்கு மருந்தாக ஒரே மூச்சில் பன்னிரண்டு மனைகள் போட்டு விற்பார்கள். அங்கேதான் பிழை. பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே வயதுத் தம்பதிகள் ஒன்றாக வருவார்கள். பள்ளி நான்கைந்து ஆண்டுகளில் நிரம்பி வழியும். பத்தாண்டில் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக அடுத்த நிலைப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். பெற்றோர் வீட்டை விற்கப்போவதில்லை. பள்ளி மீண்டும் காலி, மனை தீர்ந்துபோயிற்று. ஆண்டுக்கு இரண்டு மூன்று மனையாக விடுபவரும், நடுத்தெருவில் மூன்று வீடு வாங்கி வாடகைக்கு விடும் மேரியும்தான் கெட்டிக்காரர்கள். வாடகை வீட்டில் குடும்பங்கள் மாறிக்கொண்டே இருக்கும், பிள்ளைகளும் வந்துகொண்டே இருப்பார்கள். மனை போடும் வழியும் இப்போது குறுகிவிட்டது: விளைநிலத்தைக் கட்டடமாக்குவதைப் படிப்படியாக நிறுத்தும் 2021 சட்டத்துக்குப் பின், நிலப் பயன்பாட்டுத் திட்ட ஆவணம் உள்ள சிறு கொம்யூனுக்கு 2021 முதல் 2031 வரை உறுதியாகக் கிடைப்பது ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர்.

நீங்களே ஓர் ஊரை எடுத்துப் பார்க்க

இன்சே தளத்தில் கொம்யூன் பெயரை இட்டு முழுத் தொகுப்பைத் திறந்தால் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் ஐந்திலக்கக் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கத்தைச் சரிபாருங்கள். லொத் என்றால் 46. முதலில் 1968 முதல் உள்ள தொகை வரிசை. அதன் கீழேயே ஆண்டுச் சராசரி மாற்றத்தைப் பிறப்பு−இறப்பு, வரவு−போக்கு என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள்; இரண்டும் எதிர்க் குறியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு வயது. 60-ஐத் தாண்டியவர்கள் பதினைந்துக்குக் கீழ் உள்ளவர்களைப் போல மூன்று மடங்கு என்றால், இன்னும் பத்தாண்டில் எத்தனை வீடு விற்பனைக்கு வரும் என்று ஊகிக்கலாம். அடுத்து வீடுகளின் மூன்று வகை. கடைசியாக, ஊரிலேயே வேலை பார்ப்பவர் எத்தனை, வெளியூர் போகிறவர் எத்தனை என்ற வரி.

1968-க்கு முன்னால் போக, காசினி என்னும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்ஸ் வரைபடத்து ஊர்களை அடிப்படையாகக் கொண்டு பாரிசின் சமூக அறிவியல் உயர்கல்விப் பள்ளி தொகுத்த தரவுத்தளம் இருக்கிறது. புரட்சிக் காலத்திலிருந்து எண்கள் கிடைக்கும். பெரிய தாவல் கண்ணில் பட்டால், கொம்யூன்கள் இணைந்தனவா என்று பாருங்கள். 2010 சட்டத்துக்குப் பின் பல ஊர்கள் சேர்ந்து ‘புதிய கொம்யூன்’ ஆகியிருக்கின்றன. நான்கு ஊர்களின் தொகை ஒரே வரியில் குவிந்திருக்கும், யாரும் குடிவந்திருக்க மாட்டார்கள்.

நேரில் போக வாய்ப்பிருந்தால் கோடையில் போகாதீர்கள். ஜனவரியில் ஒரு வேலைநாளில், மாலை ஆறு மணிக்குத் தெருவில் நடங்கள். மரப்பலகைச் சன்னல்கள் எத்தனை வீட்டில் மூடியிருக்கின்றன, எத்தனை வீட்டில் பலகை இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது, எத்தனை தபால்பெட்டியில் விளம்பரத் தாள்கள் பிதுங்குகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை ஏழரைக்குப் பள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போங்கள். அந்தக் கண்ணாடிக் கூண்டில் எத்தனை புத்தகப் பைகள் நிற்கின்றன, அவற்றில் எத்தனை தரையைத் தொடும் அளவுக்குச் சின்னப் பிள்ளைகளின் முதுகில் இருக்கின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.